சிங்கப்பூரில் வண்டு பிடித்தவர்: ஆல்ஃபிரட் ரசல் வாலஸ்

பரிணாமக் கோட்பாடு என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருபவர் சார்லஸ் டார்வின். உயிரியல் பாடநூல்களிலும் அவருடைய படம்தான் பெரிதாக இருக்கும். ஆனால், இயற்கைத் தேர்வு என்னும் கருத்து 1858ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி லண்டனில் அறிவியலாளர்கள் முன்னிலையில் வாசிக்கப்பட்டபோது, அதற்கு உரியவர்களாக இருவரின் பெயர்கள் அறிவிக்கப்பட்டன. ஒருவர் டார்வின். இன்னொருவர் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ்.

வாலஸ் பல்கலைக்கழகத்தில் படித்தவர் அல்லர். சொத்து உள்ளவரும் அல்லர். பூச்சிகளையும் பறவைகளையும் பிடித்து விற்றுப் பிழைத்தவர். தமது ஆராய்ச்சியின் மிக முக்கியமான எட்டு ஆண்டுகளை அவர் நம் வட்டாரத்தில்தான் கழித்தார். சிங்கப்பூர், மலாக்கா, சரவாக் ஆகிய மூன்று இடங்களுக்கும் அவரது வாழ்க்கைக் கதையில் இடம் உண்டு. மரபியலும் பரிணாமமும் படிக்கும் மாணவர்கள் அவரைத் தெரிந்துகொள்வது நல்லது.

14 வயதில் நின்ற பள்ளிப்படிப்பு

வேல்ஸ் பகுதியில் அஸ்க் என்னும் ஊருக்கு அருகில் 1823ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் தேதி வாலஸ் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் அவர் எட்டாமவர். தந்தை சட்டம் படித்திருந்தும் அத்தொழிலைச் செய்யவில்லை. கையிலிருந்த பணம் ஒவ்வொரு முதலீடாகக் கரைந்துபோனது. பள்ளிக் கட்டணம் கட்ட வழியில்லாத நிலையில், ஏறத்தாழ 14 வயதில் வாலஸின் படிப்பு நின்றது.

அண்ணன் வில்லியம் நில அளவையாளர். அவரோடு சேர்ந்து ஊர் ஊராக நடந்து நிலம் அளக்கும் வேலையை வாலஸ் கற்றுக்கொண்டார். வயல்வெளியிலும் குன்றுகளிலும் நாள் முழுவதும் நிற்க வேண்டிய வேலை அது. கண்ணில் பட்ட செடிகளின் பெயர்களைத் தெரிந்துகொள்ளும் ஆசை வந்தது. மலிவு விலையில் ஒரு தாவரவியல் புத்தகம் வாங்கினார். அவருடைய அறிவியல் கல்வி அப்படித் தொடங்கியது.

1844இல் லெஸ்டர் நகரப் பள்ளி ஒன்றில் ஆசிரியர் வேலை கிடைத்தது. அந்த நகரின் நூலகம் அவருக்கு இரண்டு பெரிய நன்மைகளைச் செய்தது. மக்கள்தொகை பற்றித் தாமஸ் மால்தஸ் எழுதிய நூலை அவர் அங்கே படித்தார். ஹென்றி வால்டர் பேட்ஸ் என்னும் இளைஞரின் நட்பும் அங்கேதான் கிடைத்தது. பேட்ஸ் வண்டு சேகரிப்பதில் ஈடுபாடு உள்ளவர். ஊரைச் சுற்றிப் பத்து மைலுக்குள் ஆயிரம் வகை வண்டுகள்கூட இருக்கலாம் என்று அவர் சொன்னதைக் கேட்டு வாலஸ் வியந்துபோனார்.

இத்தனை வகைகள் ஏன்? அவை எங்கிருந்து வந்தன? ஓர் இனம் இன்னோர் இனமாக மாற முடியுமா? இருவரும் விடைதேடிப் புறப்பட்டார்கள். 1848இல் அமேசான் காட்டுக்குக் கப்பல் ஏறினார்கள்.

எரிந்துபோன கப்பல்

அமேசானில் வாலஸ் நான்கு ஆண்டுகள் இருந்தார். பெரிய ஆறுகளின் ஒரு கரையில் காணப்படும் குரங்கினம் மறுகரையில் இல்லாததைக் கவனித்தார். ஓர் உயிரினம் எங்கே வாழ்கிறது, எங்கே வாழவில்லை என்று துல்லியமாகக் குறித்து வைப்பது எவ்வளவு முக்கியம் என்பதை அப்போதே உணர்ந்தார். உதவிக்கு வந்திருந்த தம்பி ஹெர்பர்ட், மஞ்சள் காய்ச்சலில் அங்கேயே இறந்துபோனார்.

1852 ஜூலையில் ஹெலன் என்னும் கப்பலில் வாலஸ் ஊர் திரும்பினார். ஆகஸ்ட் 6ஆம் தேதி நடுக்கடலில் கப்பல் தீப்பிடித்தது. ஒரு சிறிய தகரப் பெட்டியில் இருந்த சில ஓவியங்களையும் குறிப்புகளையும் மட்டுமே அவரால் எடுக்க முடிந்தது. ஆண்டுக்கணக்கில் சேகரித்தவை எல்லாம் கண்ணெதிரே எரிந்தன. திறந்த படகில் பத்து நாள்கள் தவித்த பிறகு, அவ்வழியே வந்த இன்னொரு கப்பல் அவர்களைக் காப்பாற்றியது.

லண்டனில் இருந்த அவருடைய முகவர் சாமுவேல் ஸ்டீவன்ஸ், அந்தச் சேகரிப்பை 200 பவுனுக்குக் காப்புறுதி செய்து வைத்திருந்தார். அந்தப் பணத்தில்தான் வாலஸ் மீண்டும் எழுந்தார். இனிமேல் கடல் பயணமே வேண்டாம் என்று முதலில் நினைத்தவர், ஒன்றரை ஆண்டுக்குள் அடுத்த பயணத்திற்குத் தயாரானார். இந்த முறை அவர் தேர்ந்தெடுத்தது மலாய்த் தீவுக் கூட்டம்.

புக்கிட் தீமாவும் குனோங் லேடாங்கும்

1854 ஏப்ரலில் வாலஸ் சிங்கப்பூரில் வந்து இறங்கினார். சார்ல்ஸ் ஆலன் என்னும் பதின்ம வயதுச் சிறுவன் உதவியாளனாக உடன் வந்தான். புக்கிட் தீமாவில் ஒரு பிரெஞ்சுப் பாதிரியாரின் வீட்டில் தங்கிக்கொண்டு அருகிலிருந்த காட்டுக்குத் தினமும் சென்றார். அப்போது அங்கே புலிகள் இருந்தன. கம்பீர்த் தோட்டங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் பலர் புலிக்கு இரையானார்கள். புலிகளைப் பிடிக்கத் தோண்டிய ஆழமான குழிகள் இலைதழைகளால் மூடிக் கிடந்ததால் ஒவ்வோர் அடியையும் கவனமாக வைக்க வேண்டியிருந்தது.

அங்கே சுமார் இரண்டு மாதங்களில் அவர் 700 வகை வண்டுகளைச் சேகரித்தார். அவற்றுள் பெரும்பாலானவை ஒரு சதுர மைலுக்கும் குறைவான இடத்தில் கிடைத்தவை. சீனத் தொழிலாளர்கள் மரங்களை வெட்டிச் சாய்த்துக்கொண்டிருந்ததே அதற்குக் காரணம். விழுந்த மரமும் மரத்தூளும் வண்டுகளுக்கு விருந்து. சேகரிப்பாளருக்கு வாய்ப்பாக இருந்தது காட்டுக்கு இழப்பாக இருந்தது என்பதை இன்று படிக்கும்போது நாம் புரிந்துகொள்கிறோம்.

அடுத்து மலாக்கா சென்றார். அன்று ஓஃபிர் மலை என்று அழைக்கப்பட்ட குனோங் லேடாங்கில் ஏறினார். மலாய் மொழி பேசக் கற்றார். டுரியான் பழத்தின் சுவையைப் புகழ்ந்து பின்னர் விரிவாக எழுதினார்.

சரவாக்கில் எழுதிய கட்டுரை

1854 நவம்பரில் சரவாக்கை அடைந்தார். ராஜா ஜேம்ஸ் புரூக் அவரை வரவேற்றுத் தங்க இடம் தந்தார். மழைக்காலம் வந்ததால் வெளியே சென்று சேகரிக்க முடியவில்லை. சந்துபோங் மலையடிவாரத்தில் ஒரு சிறிய வீட்டில் தங்கியிருந்த வாலஸ், 1855 பிப்ரவரியில் ஒரு கட்டுரை எழுதினார். ஒவ்வொரு புதிய இனமும், தன்னோடு நெருங்கிய தொடர்புடைய பழைய இனம் ஒன்று வாழ்ந்த அதே பகுதியில், அதற்கு அடுத்த காலத்தில் தோன்றுகிறது என்பது அதன் சாரம். இதைச் சரவாக் விதி என்று இன்று அழைக்கிறோம்.

ஒரு குடும்ப மரத்தை எண்ணிப் பாருங்கள். அண்ணன் தம்பிகள் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இருந்தால், அவர்களுக்குப் பொதுவான பெற்றோர் அந்த ஊரில்தான் வாழ்ந்திருக்க வேண்டும் என்று ஊகிக்கிறோம். உயிரினங்களும் அப்படித்தான் என்றார் வாலஸ். இனங்கள் தனித்தனியாகப் படைக்கப்பட்டிருந்தால் இந்த ஒழுங்கு இருக்கத் தேவையில்லை. ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்திருந்தால் இந்த ஒழுங்கு கட்டாயம் இருக்கும்.

பிறகு சிமுஞ்சான் நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்குச் சென்றார். பூச்சி ஒன்றுக்கு ஒரு காசு வீதம் கொடுத்து டாயாக் மக்களிடமும் சீனத் தொழிலாளர்களிடமும் வாங்கினார். போர்னியோவில் அவர் சேர்த்த சுமார் 2,000 வண்டு வகைகளில் நூறு போக மற்ற எல்லாமே இங்கே கிடைத்தவைதான். கறுப்புச் சிறகில் பச்சைப் பட்டை கொண்ட ஒரு பெரிய பட்டாம்பூச்சிக்கு ராஜா புரூக்கின் பெயரைச் சூட்டினார். இன்று அது மலேசியாவின் தேசியப் பட்டாம்பூச்சி.

அவர் ஓராங் ஊத்தான்களையும் சுட்டுக் கொன்று தோலையும் எலும்பையும் லண்டனுக்கு அனுப்பினார். தாயைச் சுட்ட பிறகு தனித்துக் கிடைத்த ஒரு குட்டியைப் பால் இல்லாத நிலையில் அரிசிக் கஞ்சி கொடுத்து வளர்த்தார். சுமார் மூன்று மாதங்களில் அது இறந்தபோது மிகவும் வருந்தினார். அந்தக் காலத்து இயற்கை ஆய்வு இப்படித்தான் நடந்தது. இன்று ஓராங் ஊத்தான் மிகவும் அருகிவிட்ட விலங்கு.

சரவாக்கில் அவரோடு சேர்ந்தவர் அலி என்னும் மலாய் இளைஞர். சமையல் வேலைக்கு வந்தவர், பறவைகளைச் சுடவும் தோலுரித்துப் பதப்படுத்தவும் கற்று, வாலஸின் வலது கையாக ஆனார். பச்சான் தீவில் அலி கொண்டுவந்து காட்டிய ஒரு சொர்க்கப் பறவை அறிவியலுக்குப் புதிது. அந்தப் பறவைக்கு இன்று வழங்கும் அறிவியல் பெயரில் வாலஸின் பெயர்தான் உள்ளது. அலியின் பெயர் வாலஸின் புத்தகத்தில் மட்டும் இருக்கிறது.

பாலிக்கும் லொம்பொக்குக்கும் நடுவே

1856இல் சிங்கப்பூரிலிருந்து மக்காசாருக்கு நேரடிக் கப்பல் கிடைக்கவில்லை. அதனால் பாலி, லொம்பொக் தீவுகள் வழியாகச் சென்றார். இந்தத் தாமதம் பெரிய கண்டுபிடிப்பாக முடிந்தது.

இரண்டு தீவுகளுக்கும் இடையே உள்ள நீரிணை குறுகிய இடத்தில் சுமார் 15 மைல் அகலம் என்று அவர் குறித்தார். தட்பவெப்பம் ஒன்றுதான். மண்ணும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் பறவைகள் வேறு. பாலியில் ஆசியாவுக்குரிய மரங்கொத்திகளும் குக்குறுவான்களும் இருந்தன. லொம்பொக்கில் ஆஸ்திரேலியப் பகுதிக்குரிய வெள்ளைக் காக்கட்டூ கிளிகள் பறந்தன.

காரணம் கடலின் ஆழத்தில் இருந்தது. பனியூழிக் காலங்களில் உலகின் நீர் பெருமளவு பனிக்கட்டியாக உறைந்ததால் கடல் மட்டம் சுமார் 120 மீட்டர் தாழ்ந்தது. அப்போது மலாயாத் தீபகற்பம், சுமத்ரா, ஜாவா, போர்னியோ, பாலி ஆகியவை ஒரே நிலப்பரப்பாக இணைந்திருந்தன. யானையும் புலியும் நடந்தே கடந்தன. ஆனால் லொம்பொக் நீரிணை அதைவிட ஆழமானது. அது வற்றவே இல்லை. அதனால் இரு பக்கத்து உயிரினங்களும் நீண்ட காலம் தனித்தனியே மாறி வந்தன. புவியியல் தடை இனங்களைப் பிரிக்கும் என்னும் பாடத்திற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. இந்த எல்லைக்கு வாலஸ் கோடு என்று பெயர்.

காய்ச்சலில் கிடைத்த விடை

இனங்கள் மாறுகின்றன என்பதில் வாலஸுக்கு ஐயம் இல்லை. எப்படி மாறுகின்றன என்பதுதான் புரியவில்லை. 1858 பிப்ரவரியில் மொலுக்காஸ் தீவுகளில் இருந்தபோது கடுமையான குளிர்காய்ச்சல் வந்தது. நடுங்கிக்கொண்டு படுத்திருந்த நேரத்தில், பல ஆண்டுகளுக்கு முன் படித்த மால்தஸின் நூல் நினைவுக்கு வந்தது. நோயும் பஞ்சமும் போரும் மனிதத் தொகையைக் கட்டுப்படுத்துகின்றன என்று மால்தஸ் எழுதியிருந்தார். விலங்குகளுக்கும் இது பொருந்தும் அல்லவா?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஜோடிப் பறவை ஆண்டுக்கு நான்கு குஞ்சுகள் பொரிக்கிறது. குஞ்சுகளும் மறு ஆண்டே அப்படிச் செய்கின்றன. ஒன்றுகூடச் சாகவில்லை என்று வைத்துக்கொள்வோம். தொகை ஆண்டுதோறும் மும்மடங்காகும். பத்தாண்டுகளில் இரண்டு பறவைகள் 118,098 பறவைகளாகும். வாலஸும் தம் கட்டுரையில் இப்படியொரு கணக்கைக் காட்டினார். ஆனால் காட்டில் பறவைகளின் தொகை ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறுவதில்லை. அப்படியென்றால் பிறப்பவற்றில் மிகப் பெரும்பாலானவை இறந்துவிடுகின்றன.

எவை இறக்கின்றன, எவை பிழைக்கின்றன? ஒரே இனத்திற்குள்ளும் எந்த இரண்டும் முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒன்றுக்குக் கண் கூர்மை, ஒன்றுக்குக் கால் வேகம், ஒன்றின் நிறம் இலையோடு ஒத்துப்போகும். சூழலுக்குப் பொருத்தமானவை கூடுதலாகப் பிழைக்கும். அவற்றின் பண்பு அடுத்த தலைமுறைக்குச் செல்லும். இது பல்லாயிரம் தலைமுறைகள் தொடர்ந்தால் புதிய இனம் உருவாகும். ஒட்டகச்சிவிங்கி எட்டி எட்டிப் பார்த்ததால் அதன் கழுத்து நீளவில்லை. பஞ்ச காலத்தில் கழுத்து சற்று நீளமானவற்றுக்கு மட்டும் மேல்கிளை இலை எட்டியதால் அவை பிழைத்தன.

காய்ச்சல் தணிந்ததும் ஓரிரு மாலைகளில் கட்டுரையை எழுதி முடித்தார். தெர்னாத்தே தீவிலிருந்து தபாலில் அனுப்பினார். பெறுநர் சார்லஸ் டார்வின்.

லண்டனில் நடந்தது

அந்தத் தபாலைப் பிரித்த டார்வின் திகைத்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகத் தாம் உழைத்து, இன்னும் வெளியிடாமல் வைத்திருந்த அதே கருத்து சில பக்கங்களில் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. நண்பர்கள் சார்லஸ் லயலிடமும் ஜோசப் ஹூக்கரிடமும் யோசனை கேட்டார். டார்வினின் பழைய எழுத்துகளில் சில பகுதிகளையும் வாலஸின் கட்டுரையையும் சேர்த்து லின்னியன் சங்கக் கூட்டத்தில் வாசிக்க அவர்கள் ஏற்பாடு செய்தார்கள். கூட்டத்திற்கு டார்வின் வரவில்லை. அவருடைய கைக்குழந்தை சில நாள்களுக்கு முன்தான் இறந்திருந்தது. வாலஸுக்கோ இப்படியொரு கூட்டம் நடந்ததே தெரியாது. தபால் போய்ச்சேர மாதக்கணக்கில் ஆகும் காலம் அது.

வாலஸிடம் அனுமதி கேட்காமல் இப்படிச் செய்தது நியாயமா என்று இன்றும் வரலாற்றாளர்கள் விவாதிக்கிறார்கள். டார்வின் இந்தக் கருத்தை முன்பே கண்டறிந்ததற்கு எழுத்துச் சான்றுகள் உண்டு. கட்டுரையை வெளியிடும் அளவுக்கு முழுமையாக முதலில் எழுதி அனுப்பியவர் வாலஸ் என்பதும் உண்மை. செய்தி அறிந்த வாலஸ் கோபப்படவில்லை. தாம் பெரியவர்களோடு சேர்த்து மதிக்கப்பட்டதில் மகிழ்ந்தார். 1859இல் வெளிவந்த டார்வினின் நூலை மனமாரப் பாராட்டினார். தாம் எழுதிய மலாய்த் தீவுக் கூட்டம் பற்றிய நூலை 1869இல் டார்வினுக்கே காணிக்கையாக்கினார். 1889இல் எழுதிய நூலுக்கு டார்வினியம் என்றே பெயர் வைத்தார்.

இருவருக்கும் தெரியாத ஒன்று

பெற்றோரின் பண்பு பிள்ளைக்கு எப்படிச் செல்கிறது என்பது இருவருக்கும் தெரியாது. இரண்டு சாயங்களைக் கலப்பதுபோல் பண்புகள் கலந்துவிடும் என்று அக்காலத்தில் பலர் நம்பினார்கள். அப்படியானால் ஒரு நல்ல மாற்றம் சில தலைமுறைகளிலேயே நீர்த்துப்போகும்; தேர்வு செய்ய எதுவும் மிஞ்சாது. பட்டாணிச் செடிகளை வைத்துக் கிரிகோர் மெண்டல் 1866இல் வெளியிட்ட கட்டுரையில் விடை இருந்தது. பண்புகளைத் தாங்கும் கூறுகள் கலப்பதில்லை, தனித்தனியாகக் கைமாறுகின்றன. ஒரு தலைமுறையில் மறைந்திருந்தாலும் அடுத்ததில் வெளிப்படும். இக்கூறுகளையே பின்னர் மரபணு என்றோம்.

1900இல் மெண்டலின் ஆய்வு மீண்டும் கவனத்துக்கு வந்தபோது வாலஸ் உயிரோடு இருந்தார். ஆனால் அதன் முக்கியத்துவத்தை அவர் ஏற்கவில்லை. மரபியலும் இயற்கைத் தேர்வும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன என்று கணித வழியில் நிறுவப்பட்டது அவர் மறைவுக்குப் பிறகுதான். ஓர் உயிர்த்தொகையில் மரபணு வகைகளின் விகிதம் தலைமுறை தோறும் மாறுவதே பரிணாமம் என்று இன்று நீங்கள் படிக்கும் விளக்கம் அந்த இணைப்பில் பிறந்தது.

கடைசி ஆண்டுகள்

1862இல் உயிருள்ள இரண்டு சொர்க்கப் பறவைகளோடு வாலஸ் ஊர் திரும்பினார். எட்டு ஆண்டுகளில் சுமார் 14,000 மைல் பயணம். 125,660 உயிரின மாதிரிகள். சம்பாதித்த பணத்தைத் தவறான முதலீடுகளில் இழந்தார். நிரந்தர வேலை கிடைக்கவில்லை. 1881இல் அவருக்கு ஆண்டுக்கு 200 பவுன் அரசு உதவித்தொகை கிடைக்க முன்னின்று உழைத்தவர் டார்வின்.

வாலஸ் எல்லாவற்றிலும் சரியாக இருந்தவர் அல்லர். ஆவிகளோடு பேசலாம் என்று நம்பினார். அம்மைத் தடுப்பூசியை எதிர்த்து எழுதினார். மனித மூளையை இயற்கைத் தேர்வால் மட்டும் விளக்க முடியாது என்று சொல்லி டார்வினை வருத்தினார். பெரிய அறிவாளி சொன்னார் என்பதற்காக ஒரு கருத்து உண்மையாகிவிடாது. ஆதாரத்தைப் பார்க்க வேண்டும். இதையும் அவர் வாழ்க்கையிலிருந்து கற்கலாம்.

1913ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் தேதி, 90ஆம் வயதில், இங்கிலாந்தின் பிராட்ஸ்டோன் என்னும் ஊரில் காலமானார்.

புறா சொல்லும் பாடம்

1858ஆம் ஆண்டுக் கட்டுரையில் வட அமெரிக்காவின் பயணப் புறாவை வாலஸ் ஓர் எடுத்துக்காட்டாகக் கூறியிருந்தார். அது இடுவது ஒன்றிரண்டு முட்டைகள் மட்டுமே. ஆனாலும் வானத்தை மறைக்கும் கூட்டமாகப் பறந்தது. எனவே ஓர் இனத்தின் தொகையை முடிவு செய்வது அது போடும் முட்டைகளின் எண்ணிக்கை அன்று. தொடர்ந்து இரை கிடைக்கிறதா, ஆபத்திலிருந்து தப்ப முடிகிறதா என்பதே முக்கியம் என்று அவர் வாதிட்டார். இன்றைய உயிர்த்தொகைச் சூழலியலின் அடிப்படைக் கருத்து இது.

அதே தர்க்கத்தைத் திருப்பிப் போட்டால் என்ன ஆகும் என்பதையும் அந்தப் புறாவே காட்டியது. காடுகள் வெட்டப்பட்டன, புறாக்கள் கூட்டம் கூட்டமாக வேட்டையாடப்பட்டன. இரையும் பாதுகாப்பும் போனபின், ஒன்றிரண்டு முட்டையிடும் பறவையால் இழப்பை ஈடுகட்ட முடியவில்லை. உலகின் கடைசிப் பயணப் புறா 1914 செப்டம்பர் முதல் தேதி சின்சினாட்டி விலங்குத் தோட்டத்தில் இறந்தது. வாலஸ் இறந்து பத்து மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

இன்று சிங்கப்பூரில் டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்காவில் வாலஸ் பெயரில் ஒரு நடைபாதை இருக்கிறது. குனோங் லேடாங்கும் சந்துபோங்கும் இன்னும் பச்சையாகவே நிற்கின்றன. அடுத்த பள்ளி விடுமுறையில் அங்கே போக வாய்ப்பு கிடைத்தால் ஒரு குறிப்பேட்டை எடுத்துச் செல்லுங்கள். எந்த உயிரினத்தை, எந்த இடத்தில், எந்த நாளில் பார்த்தீர்கள் என்று எழுதி வையுங்கள். 14 வயதில் பள்ளியை விட்ட ஒருவர் அறிவியலை மாற்றியது இந்தப் பழக்கத்தால்தான்.